மருந்து தானம் அளிப்பவர் யார்?

சென்ற ஆனி மாதத்து நந்தீசுவர பூசைக்காக வந்தவாசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். எட்டு நாள்களுள் ஒரு நாள் மாலை, ஜினாலயத்து முன்மண்டபத்தில் கூடியிருந்த பெண்களுக்கு நால்வகைத் தானங்களைப் பற்றிச் சொல்லுமாறு பணித்தார்கள். ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று, வகுப்பறைப் பழக்கம் விடாமல் விரல்விட்டு எண்ணிச் சொல்லி முடித்தேன். எல்லாரும் எழுந்து சென்ற பின்னும் ஒருத்தி மட்டும் தூணருகில் அமர்ந்திருந்தாள். என் தங்கையின் பேத்தி. அவ்வாண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். "பெரிய பாட்டி, ஔஷத தானம் என்றீர்களே, ஆஸ்பத்திரியில் அதைக் கொடுப்பவர் டாக்டரா, நர்சா?" என்று கேட்டாள்.

வேடிக்கைக்காக எழுந்த கேள்வியன்று அது. அவள் வீட்டில் ஒரு மாதமாக அதுவே வழக்கு. நீட் தேர்வில் அவள் தகுதி பெற்றிருந்தாள். ஆயினும் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. இன்னும் ஓராண்டு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து மீண்டும் எழுதலாம். இருக்கும் இரண்டரை ஏக்கர் நஞ்சையை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்க்கலாம். கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அவள் தந்தை இம்மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தார். நான்காவது வழியை அவளே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். நான்கு ஆண்டுப் படிப்பு. நீட் தேர்வு எழுதுவதற்கு முன்பே தன் மனம் அதில்தான் இருந்தது என்றும், கேட்டால் வீட்டார் வருந்துவர் என்று சொல்லவில்லை என்றும் கூறினாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் கிடையாய்க் கிடந்த என் தங்கையை அவளே பார்த்துக்கொண்டாள். பள்ளிக்குச் செல்லும் முன் ஒருமுறை, வந்த பின் பலமுறை, பாட்டியைப் புரட்டிப் படுக்கவைப்பாள். முதுகைத் துடைத்து உலர்த்துவாள். வாய் கோணிய நிலையில் கஞ்சி புரையேறாதபடி தலையைச் சற்று உயர்த்தி, கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். இரண்டு ஆண்டுகளில் என் தங்கையின் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. இறுதி நாள்களில் வந்து பார்த்த மருத்துவரே அதைக் கண்டு வியந்தார்.

இத்தனையும் கண்ணாரக் கண்ட அவள் தந்தைதான் என்னிடம் இவ்வாறு சொன்னார்: "பெரியம்மா, படித்தால் டாக்டருக்குப் படிக்கட்டும். இல்லையென்றால் கணிதம் படித்து உங்களைப் போல் ஆசிரியை ஆகட்டும். கண்டவர்களின் மலமும் மூத்திரமும் எடுக்கும் வேலைக்கா நம் வீட்டுப் பெண்ணை அனுப்புவது?" தம் தாய்க்கு மகள் செய்தால் அது பக்தி, பிறர் தாய்க்குச் செய்தால் அது இழிதொழில்! இம்முரண்பாடு அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்குத் தகுதியில்லை, காரணம் உண்டு.

1981-ஆம் ஆண்டு, என்னிடம் எட்டாம் வகுப்புவரை பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை என் வீட்டுக்கு வந்தார். மகள் செவிலியர் பயிற்சிக்குச் செல்ல ஆசைப்படுவதாகவும், ஊரில் பலர் பலவாறாகப் பேசுவதாகவும் சொல்லி, "டீச்சர், நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்" என்றார். நான் ஒரு நாழிகைகூட எண்ணிப் பார்க்கவில்லை. இரவுப் பணி, ஆண்களைத் தொட வேண்டிய நிலை, திருமணப் பேச்சில் வரும் தடை என்று அடுக்கி, ஆசிரியர் பயிற்சியில் சேர்க்கச் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார். அவள் நல்ல ஆசிரியையாகவே பணியாற்றி ஓய்வு பெற்றாள். ஆனால் அன்று நான் விடையளித்தது அவளுடைய கேள்விக்கன்று, ஊராருடைய கேள்விக்கு.

ஆகவே பேத்தியிடம், "நாளை சொல்கிறேன்" என்று கூறிவிட்டு, அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். மனப்பாடமாகத் தெரியும் என்று நாம் நினைக்கும் நூல்களைக் கேள்வியோடு திறக்கும்போது அவை வேறாகத் தெரிகின்றன.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதங்களைக் கூறுமிடத்து, பிறர் அதிதி சம்விபாகம் என்று வழங்கும் நான்காம் விரதத்திற்கு வையாவிருத்தியம் என்று பெயரிடுகிறார். வையாவிருத்தியமாவது தொண்டு செய்தல். துறவியர்க்கு வந்த இடரை நீக்குதல், கால் பிடித்துவிடுதல், இன்னும் இயன்ற உதவிகள் யாவும் அதனுள் அடங்கும் என்கிறார். அதன் பின்னரே, அவ்வையாவிருத்தியம் நான்கு வகைப்படும் என்று சொல்லி, உணவு, மருந்து முதலியவற்றை அளிப்பதை அதன் வகைகளாக வைக்கிறார். இம்முறை வைப்பைப் பலகாலும் படித்தும் நான் கருதிப் பார்த்ததில்லை. மருந்தளித்தல் பெரிது, தொண்டு அதற்குத் துணை என்றன்றோ நாம் நினைக்கிறோம்? ஆசாரியரோ தொண்டையே முதலாக வைத்து, மருந்தளித்தலை அதன் ஒரு பிரிவாக வைத்தார். தத்துவார்த்த சூத்திரத்திலும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள்ளும் ஒன்று.

ஔஷத தானத்திற்கு எடுத்துக்காட்டாக அந்நூல் குறிக்கும் பெயர் விருஷபசேனை. பெண்ணின் பெயர். அவள் கதையை உரையாசிரியர் விரித்துரைப்பர். முற்பிறவியில் அவள் கோயில் பெருக்கும் பணி செய்தவள். தியானத்தில் அமர்ந்திருந்த முனிவரை அவர் அமர்ந்த இடத்தினின்று எழச் சொல்லி, அவர் அசையாதிருக்கவே, சினத்தால் குப்பையை அவர்மீதே குவித்தாள். பின்னர் உண்மையுணர்ந்து கழிவிரக்கம் கொண்டு, அவருக்கு நேர்ந்த வருத்தம் தீர மருந்திட்டு, உடனிருந்து பணிவிடை செய்தாள். அதன் பயனாக மறுபிறவியில் அவள் நீராடிய நீரே பிறர் நோய் தீர்க்கும் பேறு பெற்றாள். அவள் மருத்துவ நூல் கற்றவளாகக் கதை சொல்லவில்லை. அவள் கையிலிருந்தது மருந்து; அதனோடு சேர்ந்திருந்தது உடனிருத்தல்.

ஈண்டு ஒரு தடை எழும். வையாவிருத்தியம் துறவியர்க்குச் செய்வதன்றோ, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் எவரோ, அவருள் கொலைத்தொழிலாளியும் இருக்கலாமே, அவருக்குச் செய்வது எங்ஙனம் இதனுள் அடங்கும் என்று கேட்பர். தடை நியாயமானதே, நானும் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஜினசேனாசாரியார் ஆதிபுராணத்தில் தானத்தைப் பகுக்கும்போது, தக்கார்க்கு வழங்கும் பாத்திரதத்தியோடு, துன்புறும் உயிர்களுக்கு இரங்கி வழங்கும் தயாதத்தியையும் தனியே வைத்துள்ளார். இரக்கத்தால் செய்வதற்குப் பெறுபவரின் தகுதியை ஆராய வேண்டுவதில்லை. அன்றியும், மருத்துவர் மட்டும் தக்காரைப் பார்த்தா மருந்து எழுதுகிறார்? இத்தடை உண்மையானால் இருவரையும் ஒருங்கே தடுக்கும். செவிலியை மட்டும் தடுக்காது.

உள்ளபடியே நம்மவர் மனத்தில் நிற்பது இத்தடையன்று, அருவருப்பு. அதற்கும் நம் நூல்கள் பெயரிட்டுள்ளன. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது நிர்விசிகித்சை, தமிழில் உவர்ப்பின்மை. உடம்பின் அழுக்கைக் கண்டு வெறுக்காதிருத்தல். இதற்குக் காட்டப்படுபவன் உத்தாயன மன்னன். தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் ஒருவன், அரண்மனையில் இட்ட உணவெல்லாம் உண்டு, உண்டதை அங்கேயே கக்கினான். நாற்றம் பொறாமல் ஏவலர் அனைவரும் ஓடினர். மன்னனும் அரசி பிரபாவதியும் நின்றனர். தம்மீதே கக்கியபோதும், ஒவ்வாத உணவை இட்டுவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டு, நீர் கொணர்ந்து அவர் உடம்பைக் கழுவினர். கவனியுங்கள்: சம்பளத்துக்கு இருந்தவர்கள் ஓடினார்கள், அரசன் கழுவினான். அருவருப்பின்றி நோயாளியைத் தூய்மை செய்வது தாழ்ந்தோர் வேலை என்றோ பெண்கள் வேலை என்றோ கருதியிருந்தால், இக்கதைக்கு அரசனைத் தேடியிருக்க வேண்டியதில்லை. உவர்ப்பின்மையை ஒவ்வொரு வகுப்பிலும் பாடமாகச் சொல்லிவிட்டு, அதை நாள்தோறும் செய்யும் தொழிலை இழிவென்று ஒதுக்கினால், நாம் மனப்பாடம் செய்தவரே தவிரக் கற்றவர் ஆகோம்.

குறளையும் பார்த்தேன். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. நான்காமவனை உழைச்செல்வான் என்கிறார் வள்ளுவர். நாற்காலியின் நான்கு கால்களில் எது உயர்ந்த கால்?

நூலில் படித்ததை உடம்பாலும் அறிந்திருக்கிறேன். 2016-இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்த மருத்துவர் திறமையானவர். நான் இன்று நடப்பது அவரால். காலையில் வந்து நான்கைந்து நிமிடம் நின்று பார்த்துச் செல்வார். மற்ற நேரமெல்லாம் செவிலியர்தாம். இரண்டு மணிக்கொருமுறை என்னைத் திருப்புவார்கள். குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நள்ளிரவு கடந்து, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் என் அருகில் வந்து நின்றாள். எனக்கு வலி இல்லை. நான் எதுவும் கேட்கவுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என் மூச்சை எண்ணினாள். மீண்டும் எண்ணினாள். பிறகு பிராணவாயுக் குழாயைப் பொருத்திவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினாள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றிருந்தது. மருத்துவர் விரைந்து வந்து செய்ய வேண்டியதைச் செய்தார். நோயை அறிந்து தீர்த்தவர் அவர். ஆனால் அவரை அறியச் செய்தவள் அவள். அவள் எண்ணாதிருந்தால், அவர் கற்றது அனைத்தும் அன்றிரவு தம் வீட்டில் உறங்கியிருக்கும்.

என் இரவுணவு விரதத்தையும் அவளே காத்தாள். இரவு எட்டு மணிக்கு உணவுக்குப் பின் என்று குறித்திருந்த மாத்திரையைக் கண்டு நான் தயங்கினேன். ஏன் என்று கேட்டறிந்து, மறுநாள் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி, பொழுது சாயுமுன் உண்ணும் வேளைக்கு அதை மாற்றி எழுதச் செய்தாள். வேற்றுச் சமயத்துப் பெண் அவள்.

அம்மருத்துவமனையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இரத்தம் உறையாதிருக்க எனக்குச் செலுத்திய ஊசி மருந்து பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுவது என்று, வீடு திரும்பிய பின் பேரன் சொல்லி அறிந்தேன். உண்ணாநோன்பிருந்து பிராயச்சித்தம் செய்துகொண்டேன். மனம் முற்றும் ஆறியது என்று சொல்ல மாட்டேன். அப்போதுதான் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் பற்றி நெடுநேரம் எண்ணினேன். எழுதியவர் மருத்துவர், செலுத்தியவள் செவிலி, கை நீட்டியவள் நான். வினையின் பங்கீட்டில், தானே செய்தவர்க்கு ஒன்று, செய்வித்தவர்க்கு வேறொன்று என்று நம் ஆசாரியர்கள் எவரையும் விலக்கிவிடவில்லை. மூவரையும் சேர்த்தே எண்ணினர். வேறுபாடு அவரவர் உள்ளத்துப் பாவத்தைப் பொறுத்தது. தீவினையில் இப்படியாயின் நல்வினையிலும் இப்படித்தானே? சீட்டு எழுதிய கைக்கு முழுப் புண்ணியம், மருந்து ஊட்டிய கைக்குக் கூலி மட்டும் என்று எந்த நூலிலும் நான் காணவில்லை.

அப்படியிருக்க இவ்விகழ்ச்சி நம்மிடையே எங்ஙனம் வந்தது? நம் பழைய இலக்கியத்தில் செவிலி இழிந்தவள் அல்லள். தலைவியை வளர்த்த தாய் அவள். ஆனால் இக்காலச் செவிலியர் பயிற்சி நம் பகுதிக்குக் கிறித்தவச் சமயத் தொண்டர் வழியே வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பின், 1918-இல்தான் வந்தது. செவிலியர் பட்டப்படிப்பு அங்கே 1946-இல் தொடங்கிற்று. வேற்றுச் சமயத்தார் வேலை, ஆதரவற்ற பெண்களின் வேலை என்று நம் ஊர்களில் அதனை ஒதுக்கினர். அதே வேலூருக்கு நம்மவர் மூன்று தலைமுறையாக நோய்க்குச் சென்று, அச்செவிலியர் கையால் தேறி வருகின்றனர். பெற்றுக்கொள்ளக் கூசாத நாம், பெண்ணைக் கொடுக்க மட்டும் கூசுகிறோம். மருத்துவப் படிப்பிலும் முன்பு நமக்குத் தயக்கம் இருந்தது. தவளையை அறுக்க வேண்டும் என்பதற்காகவே உயிரியல் பாடத்தை விடுத்த பெண்களை நான் அறிவேன். பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. ஆனால் அதற்கு வெகுமுன்பே அந்தத் தயக்கம் நம்மை விட்டகன்றது; டாக்டர் என்னும் பெயரின் ஒளி அதனை மறைத்துவிட்டது. இதனையும் மறையாது சொல்ல வேண்டும்.

நிற்க. செவிலியர் பணியை உயர்த்துவதற்காக மருத்துவத்தைத் தாழ்த்துவது என் கருத்தன்று. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு நேர்முகப் பயிற்சி, அதற்குமேல் பட்டமேற்படிப்பு என்று இளமையின் பெரும்பகுதியை மருத்துவர் கொடுக்கின்றனர். தவறினால் ஓர் உயிர் போகும் முடிவைச் சில நொடிகளில், தனியே நின்று எடுக்கும் சுமை அவர்களுடையது. அச்சுமையைத் தாங்கும் விருப்பமும் அறிவும் உடைய பெண்ணை, செலவுக்கு அஞ்சி, "நர்சிங் போதும்" என்று அமர்த்துவதும் பிழையே. அத்தகைய பெண் ஒருத்தி ஓராண்டு பொறுத்து மீண்டும் தேர்வெழுதினால் நான் வாழ்த்துவேன். அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2020 முதல் தமிழ்நாட்டில் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடும் உள்ளது. நர்சிங் என்பது மருத்துவத்தில் தோற்றவர் ஒதுங்கும் திண்ணையன்று. தோல்வி மனத்தோடு நுழைபவள், ஒவ்வொரு மருத்துவரைப் பார்க்கும்போதும் தன் மதிப்பெண்ணை நினைப்பாள். அக்கசப்பு நோயாளியின் கட்டில்வரை செல்லும். ஆகவே எது உயர்ந்தது என்று நம் பெண்ணைக் கேட்பதை விட்டு, நோயின் எந்தப் பக்கத்தில் நிற்க உன் மனம் விரும்புகிறது என்று கேட்க வேண்டும். நோய் இன்னதென்று துருவி அறியும் பக்கமா? நோயுற்றவரோடு இரவும் பகலும் இருக்கும் பக்கமா? பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதற்கு விடை தெரியுமா என்பர். பாட்டியின் படுக்கையருகில் இரண்டு ஆண்டுகள் இருந்தவளுக்குத் தெரியும்.

ஊதியத்தைப் பற்றியும் அவளிடம் மறைக்கவில்லை. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் செவிலியர்க்குக் கிடைப்பது, அவர்கள் உழைப்புக்கு ஈடாகாத தொகை. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஆராயச் சொன்னதன்பேரில் அமைந்த குழு, சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கைக்கு வருவது வேறு. "தொண்டுக்கு ஊதியம் எதற்கு?" என்று நம்முள் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அபரிக்கிரகம் நாமே மேற்கொள்ளும் விரதம். பிறர் மடியில் தேடுவதற்கு உரியதன்று.

மறுநாள் அவள் வந்தாள். நான் படித்தவற்றையெல்லாம் சொன்னேன். விருஷபசேனையின் கதை அவளுக்குப் புதிது. உத்தாயனன் கதை தெரியும் என்றாள். 1981-இல் நான் செய்ததையும் சொன்னேன். அந்த மாணவி 2016-இல் என்னைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்திருந்தாள். செவிலி என் படுக்கை விரிப்பை, என்னை எழுப்பாமலே ஒரு புறமாகத் திருப்பி மாற்றியதை, கை கட்டியபடி நின்று முழுவதும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், ஆரஞ்சு உரித்துத் தரட்டுமா?" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

"இரவுப் பணியில் உணவுக்கு என்ன செய்வாய்?" என்று பேத்தியைக் கேட்டேன். பணிக்குப் புறப்படுமுன், வெளிச்சம் இருக்கும்போதே உண்டுவிட்டால் மறுநாள் பொழுது விடிந்த பிறகு உண்ணலாம் என்றாள். முதல் மாதம் கடினமாக இருக்கும், பிறகு பழகும் என்றும் சொன்னாள். ஏற்கெனவே எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்று அறிந்துகொண்டேன். மாத்திரை உறைகளைப் பற்றியும், விலங்குகளிலிருந்து எடுக்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்டேன். அதற்கு அவளிடம் விடை இல்லை, என்னிடமும் இல்லை. நம் முனிவர்களிடம் கேட்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

அவள் தந்தைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நேரில் சொன்னால் பெரியம்மாவின் முகத்துக்காகத் தலையசைத்துவிடுவார். கடிதமாயின் தனியே இருந்து படிப்பார். அதில் நூற்செய்திகளைச் சுருக்கமாகவே எழுதினேன். பெரும்பகுதி அவர் தாயாரைப் பற்றியது. அவ்விரண்டு ஆண்டுகளில் மருத்துவர் எத்தனை முறை வந்தார், எத்தனை இரவு இந்தப் பெண் விழித்திருந்தாள் என்று அவரே கணக்கிட்டுப் பார்க்கும்படி கேட்டிருந்தேன். நிலத்தை விற்க வேண்டாம் என்றோ, நர்சிங்கில் சேர்க்க வேண்டும் என்றோ எழுதவில்லை. ஒருமுறை என் சொல்லைக் கேட்டு ஒரு தந்தை நடந்துகொண்டது போதும்.

விண்ணப்பம் நிரப்பப்பட்டு, அவள் பாடப்புத்தகத்துக்குள் இருக்கிறது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடம் மட்டும் வெற்றிடமாக உள்ளது. கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருப்பதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னாள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார் என்றும், பிறகு பாட்டி கிடந்த அறைக்குள் சென்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னாள்.